அறை பகிர கட்சி எதற்கு?

ஆசிரியருக்கு,

காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் இப்போது அறையை இணைய விளம்பரத்தில்தான் தேடுகிறார்கள். சிகரெட் கூடாது, ராத்திரி சத்தம் கூடாது என்று எழுதுவது சரி, ஒரே அறையில் இருப்பவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இன்ன கட்சிக்காரர் வேண்டாம், சைவம் மட்டும் என்று போட்டுவிட்டு, அப்புறம் போனில் சொந்த ஊர், தெரு, குலதெய்வம் வரை விசாரிப்பது சாதி கேட்பதுதான், வேறென்ன? கட்சி வேறாக இருந்தால் தேர்தல் நேரத்தில் நாலு வாக்குவாதம் வரும், அவ்வளவுதான். அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு கடை, ஹோட்டல், கிணறு போன்ற இடங்களில் சாதி, மதம் பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது. வாடகை வீட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். அதுவரை விளம்பரத் தளங்களாவது இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீக்கட்டும்.

ஒரு வாசகர், காரைக்குடி