செல்ஃப் பேட்டரியில் ஃபேன் ஓட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய பேருந்தை விலைக்கு வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றுபவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திரைச்சீலையின் நிறம் வரை சொன்ன அந்தக் கட்டுரையில் பேட்டரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கரூரில் பேருந்துப் பாடி கட்டும் பட்டறைகளில் இருபது ஆண்டுகளாக ஒயரிங் வேலை செய்பவன் என்ற முறையில் அந்தக் குறையை நிரப்ப விரும்புகிறேன்.

பேருந்தில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம். எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குச் சில விநாடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுப்பதற்காக இவற்றின் தகடுகள் மெல்லியவையாகச் செய்யப்பட்டிருப்பதால், இரவெல்லாம் ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓட்டிக் காலியாக்கினால் சீக்கிரமே கெட்டுவிடும்.

சென்ற ஆண்டு எங்களிடம் வந்த ஒரு வண்டியில், 12 வோல்ட் ஃபேன்களுக்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்திருந்தார்கள். மலைமேல் ஓரிரவு நிறுத்திவிட்டுக் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு சரி, செல்ஃப் எடுக்கவில்லையாம். மூடிகளைத் திறந்து பார்த்தபோது, ஒயர் இழுக்காத பேட்டரியில் தண்ணீர் வற்றித் தகடுகள் வெளியே தெரிந்தன. மற்றதிலோ தண்ணீர் நிறைய இருந்தும் மீட்டர் 11.6 வோல்ட்தான் காட்டியது; அதாவது ஏறக்குறைய காலி. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், இரண்டின் கூட்டு வோல்டேஜை மட்டுமே பார்த்துச் சார்ஜ் ஏற்றுவதால், காலியானது நிறைவதற்குள் நிறைந்தது கொதித்துவிடுகிறது. 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் ஒரு கன்வெர்ட்டர் வாங்கும் செலவை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு பேட்டரியும் போயிற்று.

ஃபேன், ஃபிரிட்ஜ் போன்ற வீட்டு உபயோகத்துக்கு, நிறையக் காலியாக்கினாலும் தாங்கும், தடித்த தகடுள்ள டீப் சைக்கிள் பேட்டரிகளைத் தனியே, அதே 24 வோல்ட்டில் வைக்க வேண்டும். எஞ்சின் ஓடி, வோல்டேஜ் ஏறத்தாழ 26.6 வோல்ட்டைத் தொடும்போது மட்டும் இரு தொகுதிகளையும் இணைத்து, இறங்கியதும் பிரித்துவிடும் ரிலே நடுவில் இருந்தால், இரவில் வீட்டுப் பேட்டரி தீர்ந்தாலும் காலையில் வண்டி கிளம்பும். ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்காமலிருப்பது நல்லது என்பதால், 5 ஆம்பியர் வீதம் 8 மணி நேரம், அதாவது 40 ஆம்பியர்-அவர், ஓட்டுபவருக்கு 100 ஆம்பியர்-அவர் தொகுதி பொருந்தும். லித்தியம் என்றால் ரிலே போதாது; அது ஒரேயடியாகக் கரண்டை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிவிடும் என்பதால் கரண்டை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் தேவை.

இன்வெர்ட்டர் பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் மூடி வைப்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் தீப்பிடிக்கும். பேட்டரிப் பெட்டியிலிருந்து வண்டிக்கு வெளியே திறக்கும் காற்றுக்குழாய் கட்டாயம் வேண்டும். பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸ் போட வேண்டும். ஒரு முழம் தள்ளிப் போட்டால் அந்த ஒரு முழ ஒயருக்குப் பாதுகாப்பில்லை.

வண்டியை ஒப்படைக்கும்போது ஒயரிங் வரைபடத்தையும் பட்டறைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். நாங்கள் அதை டிரைவர் கதவின் உட்புறத்தில் ஒட்டிக் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
ஒயரிங் தொழிலாளி ஒருவர்,
கரூர்.