புல்தரைக்கு லாரித் தண்ணீர்

ஆசிரியருக்கு,

காசு கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளிலும் கோடையில் புல்தரையைத் தினமும் நனைக்கிறார்கள். மேலாக நனைத்தால் வேரும் மேலேயே நிற்கும். பிறகு ஒரு நாள் நனைக்காவிட்டாலும் புல் வாடிவிடும். மிதித்த தடம் நிமிராமல் கிடந்தால்தான் தண்ணீர் தேவை. அப்போது, காலை 7 மணிக்குள், சதுர மீட்டருக்கு 12 லிட்டர் விடுங்கள். ஒரு வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தால் ஹோஸின் கணக்கு தெரிந்துவிடும்.

பிறகு மண்ணில் ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள், தண்ணீர் ஆழமாக இறங்கியிருந்தால் அது 10 செ.மீ. சுலபமாக இறங்கும். களிமண்ணில் தண்ணீர் வழிந்து தெருவுக்கு ஓடும். அங்கே பாதியை விட்டு, அரை மணி கழித்து மீதியை விடவும்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம். ஆனால் ஆர்.ஓ. குடிநீர்க் கருவியின் கழிவுநீரைத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம்; உப்பு சேர்ந்து புல் நுனி கருகும்.

– தோட்டப் பராமரிப்பாளர்கள், சென்னை