புள்ளைங்களுக்கு முதல்ல நம்ம தோட்டத்த படமா வரையச் சொல்லிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பத்திரிகைல வர்ற 5ம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை மாதிரி வினாத்தாள எங்க தேயிலைத் தோட்டத்துல நிறைய அம்மாமார் வெட்டி எடுத்து வச்சு புள்ளைங்களுக்கு குடுக்கிறாங்க, அதுக்கு முதல்ல நன்றி சொல்லிக்கிறேன். ஆனா அதுல வர்ற புவியியல் கேள்விகளப் பாத்தா எனக்கு ரொம்ப நாளா ஒரு மனக்குறை. இலங்கையில நீளமான ஆறு எது, மகாவலி, 335 கிலோமீட்டர். உயரமான மலை எது, பீதுருதாலகால, 2524 மீட்டர். மாகாணம் 9, மாவட்டம் 25. தலவாக்கலைப் பக்கத்துப் புள்ளைங்க இதெல்லாம் கண்ண மூடிக்கிட்டு ஒப்பிச்சிடுவாங்க. சரிடா, நீங்க இருக்கிற வரிசை வீட்டுக்கு, உங்க லயத்துக்கு கீழ ஓடுற ஆத்துத்தண்ணி எங்க போகுதுன்னு கேட்டா மட்டும் முழிக்கிறாங்க. அந்தத் தண்ணிதான் கொத்மலை ஓயாவுல சேந்து மகாவலிக்குப் போயி, திருகோணமலைக்கிட்ட கடல்ல விழுதுன்னு யாரும் சொல்லிக் குடுக்கல, நாங்க டீச்சர்மாரும் பரீட்சைக்கு வர்றத முடிக்கிற அவசரத்துல அத விட்டுட்டுப் போறோம்.

நான் ஆரம்பப் பிரிவுல படிப்பிக்கிறவ. 1ம் ஆண்டுல இருந்து 5ம் ஆண்டு வரைக்கும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்னு ஒரு பாடம் இருக்கு, புவியியல்னு தனியா வர்றது 6ம் ஆண்டுக்கு மேலதான், அதனால பெத்தவங்களும் சரி சில டீச்சர்மாரும் சரி புவியியலுக்கு இப்ப என்ன அவசரம்னு நினைக்கிறாங்க. ஆனா இடம், திசை, தூரம், மேல இருந்து பாக்குற பார்வை, இந்த நாலும் ஆறு ஏழு வயசுலயே மனசுல ஏறணும், ஏறலன்னா 6ம் ஆண்டுல அட்லஸ கையில குடுத்தாலும் அது வெறும் கலர்ப் படமாத்தான் தெரியும்.

மேல இருந்து பாக்குறதுங்கிறது சின்னப் புள்ளைங்களுக்கு கஷ்டம்னு சொல்லுவாங்க. பட்டணத்துப் புள்ளைக்கு கஷ்டமா இருக்கலாம். நம்ம புள்ளைங்க தெனமும் அதத்தான பாக்குறாங்க! மேற்பிரிவுல இருந்து ஸ்கூலுக்கு எறங்கி வர்ற புள்ளைக்கு கீழ்ப்பிரிவு லயத்துத் தகரம், கோவில், தேயிலை அரைக்கிற ஸ்டோரு, கொழுந்து நிறுக்கிற மடுவம், தண்ணி புடிக்கிற பீலி, வளைஞ்சு போற ரோடு எல்லாமே காலுக்குக் கீழ விரிஞ்சு கெடக்குது. அந்த வளைவுல நிக்க வச்சு இப்ப தெரியிறத அப்படியே கொப்பில போடுங்கன்னு சொன்னா போதும், அதுதான் முதல் மேப். முதல்ல கோவிலுக்கு கோபுரத்தோட, லயத்துக்கு கதவோட சன்னலோடதான் வரைவாங்க, வரையட்டும். அப்புறம் இங்க இருந்து பாத்தா கதவு தெரியுதான்னு ஒரு கேள்வி கேட்டா அவங்களே அழிச்சிட்டு நீளமா ஒரு கட்டம் போடுவாங்க. கோவிலுக்கு ஒரு அடையாளம், பீலிக்கு ஒரு அடையாளம்னு அவங்களே முடிவு பண்ணி மூலையில எழுதி வைக்கட்டும், குறியீடுன்னா என்னன்னு தனியா வெளக்கம் சொல்லவே வேணாம்.

தூரமும் அப்படித்தான். ரோட்டு வழியா வந்தா எவ்வளவு நேரம், குறுக்குப் பாதையில வந்தா எவ்வளவு நேரம், ஏறும்போது எவ்வளவு எறங்கும்போது எவ்வளவுன்னு புள்ளைங்களுக்கு நல்லாத் தெரியும், அத எழுதச் சொல்லிட்டு பஸ் ஏன் குறுக்குப் பாதையில வராம அத்தன வளைவு போட்டு வருதுன்னு கேளுங்க. பதுளைப் பக்கம் தெமோதரையில ரயில் தண்டவாளம் ஒரு சுத்து சுத்தி அதே ஸ்டேஷனுக்கு அடியில இருக்கிற சுரங்கத்துக்குள்ள போகுது, அத ஏன் அப்படிப் போட்டாங்கன்னு 4ம் ஆண்டுப் புள்ள யோசிச்சு பதில் சொல்லும், செங்குத்தா ஏற முடியாது டீச்சர்னு.

திசைக்கு வருவோம். சூரியன் கெழக்குல உதிக்கும்னு சொல்லிக் குடுக்கிறோம், ஆனா நம்ம ஊர்ல சூரியன் மலைக்குப் பின்னால ஏறித்தான் தெரியும், பனிமூட்டம் இருந்தா அதுவும் தெரியாது, அதுலயும் ஜூன்ல ஒரு இடத்துலயும் டிசம்பர்ல ஒரு இடத்துலயும் எழும்பும். அதனால ஒரு கம்ப செங்குத்தா நட்டு, நிழல் எப்ப ரொம்பக் குட்டையா இருக்குதோ அந்தக் கோட்ட சோக்கால போடச் சொல்லுங்க. அந்தக் கோடுதான் வடக்கு தெற்கு. ஜனவரில நிழல் வடக்க பாத்து விழும், ஜூன்ல தெற்க பாத்து விழும், ஏப்ரல் 5க்கும் 15க்கும் நடுவுல சூரியன் நம்ம நாட்டுக்கு நேர் மேல வர்றதால நடுப்பகல்ல நிழலே காலடில ஒளிஞ்சிடும். சித்திரை வருஷப் பிறப்பு லீவுல வீட்டு வாசல்லயே புள்ளைங்க பாக்கலாம்.

இப்ப மேப்ப பத்தி ஒரு முக்கியமான விஷயம். எல்லா வகுப்புலயும் இலங்கை மேப் சுவர்ல தொங்குது, யாழ்ப்பாணம் மேல இருக்கு, மாத்தறை கீழ இருக்கு. நம்ம புள்ளைங்களுக்கு மேலன்னா உயரம். மகாவலி நம்ம ஊர்ல இருந்து வடகிழக்கா திருகோணமலைக்குப் போகுதுன்னு சுவர் மேப்புல காட்டினா, தண்ணி எப்படி டீச்சர் மேல ஏறும்னு கேக்குறாங்க, கேக்க வேண்டிய கேள்விதான அது. மேப்ப சுவர்ல இருந்து கழட்டித் தரையில விரிச்சு, அந்த வடக்குக் கோட்டுக்கு நேரா வச்சுப் பாருங்க, ஒரு நிமிஷத்துல வெளங்கிடும். இன்னொரு சிக்கல் கலர். பௌதிக மேப்புல நம்ம பக்கம் எல்லாம் மண் கலர்ல இருக்கும், மன்னார் புத்தளம் பக்கம் பச்சையா இருக்கும். தேயிலைக்கு நடுவுல இருக்கிற புள்ள நம்ம ஊர் தான பச்சைன்னு சொல்லும். அந்தக் கலர் உயரத்துக்கு, மரத்துக்கு இல்லன்னு ஒரு தடவ தெளிவா சொல்லணும். அதுக்கு என்கிட்ட ஒரு நல்ல வழி இருக்கு, 2023ல மலையகம் 200ன்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்து போனாங்களே, நம்ம முன்னோர் காட்டு வழியா நடந்து வந்த பாதைய நினைச்சு, அந்தப் பாதைய மேப்புல வெரலால தடவிக்கிட்டு வரச் சொல்லுங்க. பச்சையில தொடங்கி மாத்தளைக்கிட்ட மண் கலருக்கு ஏறும். அங்க இருந்துதான் ஏத்தம்னு சொன்னா புள்ளைங்க மறக்கவே மாட்டாங்க, தாத்தா பாட்டியோட கதையும் அதுக்குள்ளயே வந்துடும்.

தண்ணிய வச்சு இன்னும் எவ்வளவோ செய்யலாம். தலவாக்கலையும் நோர்வூட்டும் ரொம்ப தூரமில்ல, ஆனா தலவாக்கலைத் தண்ணி மகாவலிக்குப் போகுது, நோர்வூட் தண்ணி காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போயி, மஸ்கெலியா தண்ணி மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குப் போயி, ரெண்டும் கித்துல்கல பக்கம் சேந்து களனி கங்கையா கொழும்புல கடலுக்குப் போகுது. நடுவுல ஒரு மலை முதுகுதான் இருக்கு. இத வெளங்க வைக்க மண்ணக் குவிச்சு மேல ரெண்டு போத்தல் தண்ணி ஊத்தினா போதும், ஒரு சதம் செலவில்ல.

5ம் ஆண்டுக்கு சமவுயரக் கோடு, அதாவது ஒரே உயரத்துல இருக்கிற எடங்கள சேத்துப் போடுற கோடு கூட காட்டலாம், பயப்படாதீங்க. நம்ம ஊர்ல கெழங்குக்கா பஞ்சம், ஒரு உருளைக்கெழங்க ரெண்டா வெட்டி ஒரு பாதிய தட்டையான பக்கம் கீழ வர மாதிரி கிண்ணத்துல ஊசி குத்தி நிறுத்தி, வெரல் கனத்துக்கு தண்ணி ஊத்தி, தண்ணி தொடுற எடத்துல பேனாவால கோடு, இன்னும் கொஞ்சம் ஊத்தி இன்னொரு கோடு. எல்லாத்தையும் வடிச்சிட்டு மேல இருந்து பாத்தா வளையம் வளையமா இருக்கும், சரிவு செங்குத்தா இருக்கிற பக்கம் வளையம் நெருக்கமா இருக்கும். மவுசாகலையில தண்ணி எறங்குற காலத்துல கரையில படி படியா கோடு தெரியும் பாருங்க, பழைய மஸ்கெலியா டவுனோட கோவிலும் வெளிய தெரியுமே, அந்தக் கோடெல்லாம் இதேதான்.

மழையப் பத்தி நான் கொஞ்சம் அழுத்தமாவே சொல்லணும். மே மாசத்துல இருந்து தென்மேற்குப் பருவக்காத்துல அட்டன், வட்டவளைப் பக்கம் ஊத்து ஊத்துன்னு ஊத்தும், அதே நேரத்துல மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பண்டாரவளை வெலிமடையில காஞ்ச காத்து அடிக்கும். டிசம்பர் பக்கம் தலகீழாகும். பண்டாரவளையில இருக்கிற அத்தைக்கோ பெரியம்மாவுக்கோ போன் பண்ணி அங்க இன்னைக்கு மழையான்னு கேட்டு கொப்பில எழுதச் சொன்னா, மலை எப்படி மழைய ஒரு பக்கம் நிறுத்துதுன்னு புள்ள தானாவே கண்டுபிடிக்கும். ஸ்கூல்ல ஒரு பிளாஸ்டிக் போத்தல மேல வெட்டி, வெட்டின வாய் துண்ட தலகீழா சொருகி, அடியில கூழாங்கல்லு போட்டு, கல்லு மூடுற அளவு தண்ணி ஊத்தி, அங்க இருந்து அடிமட்டத்த ஒட்டி வச்சா மழைமானி ரெடி. தோட்டத்து ஆபீஸ்ல மழை அளக்கிற கொப்பி இருக்கும், கேட்டா பெரும்பாலும் காட்டுவாங்க, ஒப்பிட்டுப் பாக்கலாம்.

இதெல்லாம் வெளையாட்டுக்குன்னு நினைக்காதீங்க. 2014 அக்டோபர் 29 காலையில கொஸ்லந்தை மீரியபெத்தையில லயத்தோட மண்ணு மூடினத நாம பாத்தோம். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயலப்போ மலைநாடு முழுக்க மண்ணு சரிஞ்சதையும் பாத்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு எச்சரிக்கை விடுது, 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் மழை தாண்டினாலே கவனமா இருங்கன்னு சொல்லுது. 75 மில்லிமீட்டர்னா எவ்வளவுன்னு போத்தல்ல அளந்து பாத்த புள்ளைக்குத்தான் அந்தச் செய்தி காதுல ஏறும். நிலத்துல வெடிப்பு, சாஞ்சு நிக்கிற மரம், புதுசா வர்ற ஊத்து, திடீர்னு கலங்கி வர்ற பீலித்தண்ணி, கதவு இறுகிப் போறது, இதெல்லாம் வீட்டச் சுத்தி ஓடித் திரியிற புள்ளைங்க கண்ணுலதான் முதல்ல படும். சரிவு எந்தப் பக்கம், மழைத்தண்ணி ஓடுற கான் எங்க போகுது, ராத்திரி எழும்பினா எந்தப் பாதை மேடான பாதுகாப்பான எடத்துக்குப் போகுதுன்னு 8 வயசுப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கணும். இத விட அவசரமான புவியியல் எனக்குத் தெரியல.

பெத்தவங்ககிட்டயும் ஒண்ணு கேட்டுக்கிறேன், புள்ள ஸ்கூல் விட்டு வந்ததும் இன்னைக்கு எத்தன பக்கம் எழுதினன்னு மட்டும் கேக்காதீங்க, வர்ற வழியில தண்ணி எந்தப் பக்கம் ஓடுச்சுன்னும் கேளுங்க. கொழுந்து பறிக்கிற அம்மாமாருக்கு ஒவ்வொரு மலையோட சரிவும் காத்தும் வாத்திமாருக்குத் தெரியிறத விட நல்லாத் தெரியும், மாசத்துல ஒரு நாள் அவங்கள வகுப்புக்கு கூப்பிட்டு பேச வைக்கலாம்னு எங்க பக்கத்து ஸ்கூல்களுக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன்.

கடைசியா உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் ஐயா. சிறுவர் பக்கத்துல மாசத்துக்கு ஒரு தடவையாவது பேர் போடாத மலைநாட்டு மேப் ஒண்ணு, ஆறும் ரயில் பாதையும் மட்டும் போட்டு, கொஞ்சம் பெருசா பிரசுரிங்க. எங்க தோட்டத்துப் புள்ளைங்க தங்களோட எடத்த அதுல குறிச்சு அனுப்பினா அதுல சிலத அடுத்த மாசம் போடுங்க. மாதிரி வினாத்தாள்லயும் நீளமான ஆறு எதுங்கிற கேள்விக்கு அடுத்து, உங்க ஊர் மழைத்தண்ணி எந்தக் கடலுக்குப் போகுதுன்னு ஒரு கேள்வி சேத்துக்கங்க.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை.