அந்த மச்சத்தை விட்டுடுங்க அண்ணா

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் போட்டோ ஸ்டுடியோவும் பிளக்ஸ் கடையும் வைத்திருக்கிற அண்ணன் தம்பிகளுக்கு,

வணக்கம். நான் விருதம்பட்டில் இருக்கிறேன். போன வருஷம் வைகாசியில் என் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தோம், மண்டப வாசலில் பெரிய பேனர். திருவலத்திலிருந்து வந்த என் மாமியார் ஆட்டோவை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தவர், "இது யாரு வூட்டுப் பொண்ணு, மண்டபம் மாறி வந்துட்டமா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். என் பெண் சிரிக்கவில்லை.

தப்பில் எனக்கும் பங்கு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிசைன் போடும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தம்பி "கலர் கொஞ்சம் ஏத்திடட்டுமாக்கா?" என்று கேட்டான், நானும் ஏத்துப்பா என்றேன். மவுஸை இழுக்க இழுக்க, வெயிலில் காய்ந்த முகம் (நம்ம ஊர் வெயிலில் யார்தான் காயவில்லை?) சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக்கொண்டே போனது. அப்புறம் மோவாயில் இருந்த மச்சத்தின் மேல் ஒரு சின்ன வட்டத்தைக் கொண்டுபோய் வைத்து ஒரே கிளிக், மச்சம் போச்சு. மாமியாருக்கும் அதே இடத்தில் மச்சம் உண்டு. குழந்தை பிறந்த அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு, "என்னையே உரிச்சு வச்சிருக்கு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர்.

இப்போது நீங்கள் செய்த அதே வேலையை அவள் போனிலேயே செய்துகொள்கிறாள். கோட்டைக்குப் போனால் அகழி ஓரமாக நின்று நாற்பது செல்பி எடுத்து நாற்பதையும் அழிக்கிறாள். டியூஷனுக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போகிறாள், கொரோனா போய் எத்தனை வருஷம் ஆச்சு! கேட்டால், "என் மூக்கு பெருசா இருக்கும்மா" என்கிறாள்.

இந்த மூக்கு விஷயத்தில் உங்கள் உதவி வேண்டும். செல்பியில் மூக்கு பெரிதாகத் தெரிவது லென்ஸ் கணக்கு என்று உங்களுக்குத் தெரியும். முகத்துக்கு 12 அங்குலத்தில் கேமரா இருந்தால் மூக்கு சுமார் 30 சதவீதம் பெரிதாக விழும், 5 அடி தள்ளி நின்றால் சரியாக விழும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். நான் சொன்னால் அம்மா சமாதானம் சொல்கிறாள் என்று நினைக்கிறாள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வருகிற பிள்ளைகளிடம் நீங்களே போனைப் பக்கத்தில் ஒருமுறை, தள்ளி ஒருமுறை வைத்து எடுத்துக் காட்டுங்களேன், இரண்டு நிமிஷ வேலை.

போன் கம்பெனிக்காரனையும் இன்ஸ்டாகிராம்காரனையும் கேட்காமல் எங்களைப் பிடித்துக்கொண்டாயே என்பீர்கள். பதின்ம வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்குத் தன் உடம்பைப் பற்றிய மனக்குறையை இன்ஸ்டாகிராம் இன்னும் மோசமாக்குகிறது என்று பேஸ்புக் கம்பெனியின் உள் ஆய்வே சொன்னது 2021-ல் வெளியே வந்தது. நார்வேயில், விளம்பரப் படத்தில் உடம்பைத் திருத்தியிருந்தால் அதைப் படத்திலேயே சொல்ல வேண்டும் என்று சட்டம், 2022 ஜூலையிலிருந்து. அங்கெல்லாம் என் கடிதம் போகாது. உங்கள் கடை எனக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. அதோடு, போனில் போடுகிற பில்டரை அவளே எடுத்துவிடலாம். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து சரி சொல்லி, ஊரே பார்க்கிற மாதிரி கட்டிய பேனர், உன் முகம் இப்படி இருந்தால் போதாது என்று அவளுக்குச் சொல்லிவிட்டது.

ஆகவே கேட்காமல் கலர் ஏத்தாதீர்கள். என்னை மாதிரி அம்மாக்கள் கேட்டாலும், "பொண்ணு கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமாக்கா?" என்று சொல்லுங்கள். பரு இரண்டு நாளில் போகிறது, அதை வேண்டுமானால் எடுங்கள்.

தை மாதம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம், பேனருக்கு உங்களில் ஒருவரிடம்தான் வரப்போகிறோம். குடும்பப் படத்தில் பாட்டியும் பேத்தியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். இரண்டு மச்சமும் இருக்கணும், சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
விருதம்பட்டிலிருந்து ஒரு அம்மா