தொண்டையில் குறை இல்லை என்று முதலில் ஏன் சொன்னோம்

அன்புள்ள குதிரை உரிமையாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

சில வாரங்களாக லாயங்களில் ஒரு பேச்சு சுற்றி வருகிறது. ஒரு பெண்குதிரையின் தொண்டையைப் பார்த்துவிட்டு எங்கள் மருத்துவமனை ‘எல்லாம் சரி’ என்று அனுப்பியதாம். பிறகு அதே குதிரைக்கு மெல்லண்ணக் கோளாறு (வாய்க்கூரையின் பின்பக்க மென்பகுதியில் வரும் கோளாறு) என்று சொல்லி இரண்டாவது முறையும் கட்டணம் வாங்கியதாம். இரண்டும் நடந்தவைதான். ‘முதல் தடவை ஒழுங்காகப் பார்க்கவில்லை’ என்று கூடவே சொல்கிறார்களே, அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

ஒழுங்காகத்தான் பார்த்தோம். மயக்க ஊசிகூடப் போடவில்லை. அந்த மருந்து குரல்வளைத் தசைகளைத் தளர்த்தி, நல்ல குரல்வளையையும் கோணலாகக் காட்டிவிடும். மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பை, அதாவது முனையில் கேமரா உள்ள மெல்லிய குழாயை, விட்டு, தண்ணீர் பீய்ச்சி விழுங்க வைத்தோம். நாசியைச் சில நொடிகள் அடைத்தும் பார்த்தோம். குரல்வளையின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் திறந்தன. அண்ணமும் தன் இடத்தில் இருந்தது.

குதிரையால் வாய்வழியே மூச்சுவிட முடியாது. அதனால் மெல்லண்ணத்தின் விளிம்பு குரல்வளை மூடிக்கு (விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாயை மூடும் மடலுக்கு) கீழே படிந்தே இருக்க வேண்டும். நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சுவிடும். நாலுகால் பாய்ச்சலில் ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு மூச்சு என்று அது 120ஐத் தாண்டிவிடும். அந்த உறிஞ்சுவிசையில் தளர்ந்த அண்ணம் மூடிக்கு மேலே ஏறிக்கொள்ளும். வெளிமூச்சில் கொரகொரவென்று அடிக்கும். குதிரை சட்டென்று வேகம் இழக்கும். சில குதிரைகள் சத்தமே போடாது. ஒருமுறை விழுங்கினால் அண்ணம் பழைய இடத்துக்கு வந்துவிடும். லாயத்துக்குத் திரும்பிய பிறகு பார்த்தால் எந்தத் தடயமும் இருக்காது.

இரண்டாம் முறை அதே குதிரையை ஓடவிட்டுப் பார்த்தோம். எண்டோஸ்கோப்பைத் தலைக்கயிற்றோடு பொருத்தி, மின்கலத்தைச் சேணத்துக்கு அடியில் வைத்து, படத்தைக் கம்பியில்லாமல் கையிலிருந்த திரையில் பார்க்கும் முறை அது. முதல் சுற்றில் ஒன்றுமில்லை. கடைசி நேர்ப்பாதையில் ஜாக்கி வேகத்தைக் கூட்டியதும் அண்ணம் அலையலையாகப் படபடத்தது. அடுத்த மூச்சில் குரல்வளை மூடி திரையிலிருந்து மறைந்தது. பக்கத்தில் நின்ற உரிமையாளரும் அதைப் பார்த்தார்.

அப்படியானால் நிற்கவைத்துப் பார்ப்பது வீணா என்று கேட்கிறார்கள். இல்லை. குரல்வளை மூடியைச் சவ்வு போர்த்திக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரியும். இடப்பக்கக் குரல்வளை அடியோடு செயலிழந்திருந்தாலும் தெரியும். அந்தப் பக்கத்து நரம்பு மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றி மறுபடி கழுத்தேறி வருகிறது. அவ்வளவு நீளமானது என்பதால் கெடுவதும் பெரும்பாலும் அதுதான். உள்மூச்சில் சீழ்க்கைபோலக் கேட்டால் முதலில் அதைச் சந்தேகிப்போம். ஆனால் பாதி செயலிழந்த குரல்வளை வேகத்தில் திறந்தே நிற்குமா, சரிந்துவிடுமா என்பது ஓடினால்தான் தெரியும். சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு அறுவைக்குப் போக எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. குரல்வளையை இழுத்துக் கட்டிய குதிரைக்குத் தீவனம் மூச்சுக்குழாயில் இறங்கி இருமல் நிலைத்துவிடக்கூடும். தேவையில்லாத குதிரைக்கு அந்தத் துன்பத்தைக் கொடுக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

ஒன்றில் தவறு எங்களுடையது. ‘நின்ற நிலையில் குறை தெரியவில்லை’ என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் ‘சரி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். அதற்காக அந்த உரிமையாளரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டோம். இனி எல்லா அறிக்கைகளிலும் முழு வாக்கியமே இருக்கும்.

இந்தப் பேச்சு கிளம்பிய பிறகும் எங்களை நம்பிக் குதிரைகளை அனுப்பியவர்களுக்கும், விடியும் முன்பே ஓடுகளத்தில் எங்களோடு காத்து நின்ற பயிற்சியாளர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்களில் பலர் தொலைபேசியில் அழைத்து, எங்களுக்காக வாதாடியதைச் சொன்னீர்கள். அதை மறக்க மாட்டோம்.

மூத்த உதவியாளர் விலகியிருப்பதால் ஓட்டப் பரிசோதனை இனி செவ்வாய், வெள்ளி காலைகளில் மட்டும் நடக்கும். அதன் கட்டணமும் அடுத்த மாதம் முதல் சற்றுக் கூடும்.

வரும்போது வழக்கமாக ஏறுபவரையும் வழக்கமான கடிவாளத்தையும் கொண்டுவாருங்கள். கழுத்தை வளைத்து வேலை செய்யும் குதிரை என்றால் அதே வளைவில்தான் பார்க்க வேண்டும். சிலவற்றுக்கு அப்போதுதான் தொண்டை அடைக்கும். சத்தம் எந்த இடத்தில், எவ்வளவு தூரம் ஓடிய பிறகு வருகிறது என்று ஏறுபவரிடம் கேட்டு எழுதி வாருங்கள்.

அன்புடன்,
மருத்துவமனை உரிமையாளர்