ஆண்டறிக்கை 2024–25: ஐ.வி.எஃப். கருவும் அதைச் சுமக்கும் பசுவும்

சங்கத் தலைவர் அவர்களுக்கும், அழைப்பை ஏற்று வந்துள்ள கால்நடை மருத்துவர்களுக்கும், பெங்களூரைச் சுற்றியுள்ள ஆனேக்கல், சர்ஜாபுரம், ஹொசகோட்டை, தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம் பக்கங்களிலிருந்து காலைக் கறவையை முடித்துவிட்டு வந்து சேர்ந்த உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்டுத் தீவனக் கொள்முதல், கோமாரி தடுப்பூசி முகாம், குடற்புழு நீக்கம் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. இந்த ஆண்டு உறுப்பினர்கள் அதிகம் கேட்டது ஐ.வி.எஃப். கருமாற்றம் பற்றித்தான்; அதாவது ஒரு பசுவின் முட்டையை உடலுக்கு வெளியே கருவாக்கி, வேறொரு பசுவின் கருப்பையில் வைப்பது. இதற்கான பயிற்சிகள் இங்கே பெரும்பாலும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ நடப்பதால், நம் கூட்டங்களில் மருத்துவர்கள் விளக்கியதைத் தமிழில் தொகுத்துத் தரவேண்டும் என்று செயற்குழு முடிவெடுத்தது. அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே போகிறது. எந்தக் காளை, முட்டை தரும் டோனர் பசு எது, எத்தனை கரு என்று விசாரிக்கும் அக்கறையில் கால்வாசிகூட, அந்தக் கருவை வாங்கிச் சுமக்கப்போகும் பசுவின் மேல் நம்மில் பலர் காட்டுவதில்லை. போட்ட பணம் பெரும்பாலும் அங்கேதான் கரைகிறது.

காளை விந்தைச் செலுத்தும் சினை ஊசியில் நல்ல காளையின் குணம் பாதிதான் கன்றுக்கு வரும், மறுபாதி நம் பசுவுடையது. அதிலும் நல்ல பசு ஒன்று ஆண்டுக்கு ஒரு கன்றுதான் ஈனும். கருமாற்றத்தில் கன்றின் குணம் முழுவதும் டோனர் பசுவிடமிருந்தும் காளையிடமிருந்தும் வருகிறது. சுமக்கும் பசு கொடுப்பது கருப்பை, இரத்தம், சீம்பால். அவளது நிறமோ கொம்போ பாலளவோ கன்றில் வராது. இதற்குப் பழைய வழி டோனர் பசுவுக்கு நான்கு நாள் காலையும் மாலையும் முட்டைகளை வளரவைக்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் ஊசி போட்டு, பல முட்டை வெடிக்கச் செய்து, சினை ஊசி போட்டு, ஏழாம் நாள் கருப்பையைக் கழுவிக் கருவை எடுப்பது. ஐ.வி.எஃப். முறையில் சினைப்பையிலிருந்தே முட்டையை உறிஞ்சி எடுத்து, வெளியே காளை விந்துடன் சேர்த்துக் கருவாக்குகிறார்கள். ஹார்மோன் ஊசி கட்டாயமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். முதல் மூன்று மாதச் சினையில் இருக்கும் பசுவிடமும், கருக்குழாய் அடைபட்டுச் சினை நிற்காத உயர் ரகப் பசுவிடமும் எடுக்க முடியும். உலகின் முதல் ஐ.வி.எஃப். கன்று 1981இல் அமெரிக்காவில் பிறந்தது. நம் நாட்டில் 1990இல் கர்னால் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஐ.வி.எஃப். எருமைக் கன்று பிறந்தது.

முட்டை எடுக்கும் நாளில் என்ன நடக்கிறது என்று பண்ணைக்காரர் தெரிந்துகொள்வது அவசியம். டோனரை டிராவிஸ் என்ற அடைப்புச் சட்டத்தில் நிறுத்தி, சாணத்தை அகற்றி, பின்புறத்தைக் கழுவித் துடைத்து, வாலடியில் மரத்துப்போகச் செய்யும் 2 சதவீத லிக்னோகெயினை 5 மி.லி. அளவில் முதுகுத்தண்டில் போடும் எபிடூரல் ஊசியாகப் போடுவார்கள். பசு முக்காமல் நிற்பதற்குத்தான் இது. ஸ்கேன் கருவியின் முனை யோனி வழியாக உள்ளே போகும். மலக்குடலில் விட்ட கை சினைப்பையைப் பிடித்து அந்த முனையோடு அணைத்து வைக்கும். திரையில் கறுப்பு வட்டமாகத் தெரியும் முட்டை இருக்கும் 2 முதல் 8 மி.மீ. நீர்க் கொப்புளங்களை ஊசியால் குத்தி, வெற்றிடப் பம்ப் மூலம் நீரோடு முட்டையை இழுப்பார்கள். இழுவை கூடினால் முட்டையைச் சுற்றியிருக்கும் செல் உறை உரிந்துவிடும். அந்த முட்டை முதிராது. இழுவை குறைந்தால் முட்டை கொப்புளத்திலேயே தங்கிவிடும். ஊசி முனை மழுங்கியிருந்தால் இரத்தம் கலக்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து போதாவிட்டால் அந்த இரத்தம் கட்டியாகி முட்டையைச் சிறைப்படுத்திவிடும். எடுத்த நீர் குளிர்ந்துவிடக்கூடாது. குளிர்காலக் காலையில், பக்கம் திறந்த கொட்டகையில், சூடேற்றி இல்லாமல் வேலையைத் தொடங்க யாராவது வந்தால் உறுப்பினர்கள் தாராளமாக நிறுத்தச் சொல்லலாம்.

கிர், சாஹிவால், ஹள்ளிகார் போன்ற திமில் உள்ள இனங்களின் சினைப்பையில் கொப்புளங்கள் இயல்பாகவே அதிகம். ஆகவே ஒரு தடவையில் ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) என்ற அயல்நாட்டு இனப் பசுவைவிட அதிக முட்டை கிடைக்கும். ஆனாலும் ஒரே இனத்துக்குள்ளேயே பசுவுக்குப் பசு பெரிய வித்தியாசம் உண்டு. பால் கறவையில் முதலிடம் பிடிக்கும் பசு முட்டையில் கடைசியாக இருக்கலாம். முன்கூட்டியே ஸ்கேனில் கொப்புளங்களை எண்ணிப் பார்த்துவிட்டு டோனரை முடிவு செய்வது நல்லது.

ஆய்வக வேலை நம் கையில் இல்லாததால் சுருக்கமாகச் சொல்கிறோம். எடுத்த முட்டை 38.5 டிகிரியில் 22 முதல் 24 மணி நேரம் முதிரவேண்டும். இந்த நேரத்தில் கையடக்க இன்குபேட்டரில் வைத்துப் பயணம் செய்ய முடிவதால்தான், கொட்டகை ஒரு ஊரிலும் ஆய்வகம் வேறு ஊரிலும் இருக்க முடிகிறது. மறுநாள் விந்துடன் சேர்ப்பார்கள். சினை ஊசியில் நன்றாகச் சினை பிடிக்கவைக்கும் காளையின் விந்து ஐ.வி.எஃப். தட்டில் படுத்துவிடுவது உண்டு; ஆகவே ஆய்வகத்தில் சோதித்துத் தேறிய காளையா என்று கேளுங்கள். பாலினம் பிரித்த விந்து என்றால் ஏறக்குறைய 90 சதவீதம் கிடேரி. பிறகு ஏழு நாள் வளர்ப்பு. கருவுறவைத்த முட்டைகளில் மூன்றில் ஒரு பங்கு நல்ல கருவாக எழுந்தால் ஆய்வகம் ஒழுங்காக இயங்குகிறது என்று பொருள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கத் தாமதமானாலோ, பக்கத்து அறையில் பெயின்ட் அடித்தாலோ அந்த வாரத்துக் கருக்கள் கெடும். பெயின்டின் ஆவி, வாசனைத் திரவியம், கிருமிநாசினி நெடி எல்லாமே கருவுக்கு விஷம்.

இனி வாடகைத்தாய்ப் பசு. நாம் கவனித்து மாற்றக்கூடியது இதுதான்.

முதலில் தேர்வு. ஒன்று அல்லது இரண்டு ஈத்து ஈன்ற, ஈன்று இரண்டு மாதம் தாண்டிய, நஞ்சுக்கொடி தங்காமல் விழுந்த, சீழ் வடியாத பசு. அல்லது போதிய உடல் எடையை எட்டிய, பருவச் சுழற்சி ஒழுங்கான கிடேரி. நான்கைந்து முறை சினை ஊசி போட்டும் நிற்காத பசுவை, ‘இதிலாவது நிற்கட்டும்’ என்று கொண்டுவந்து கட்டுவதை இந்த ஆண்டுடன் நிறுத்திவிட வேண்டும். அந்தப் பசுவுக்குத் தேவை சிகிச்சை. விலை கொடுத்து வாங்கிய கரு அதற்குள் போகக்கூடாது. உடல் மதிப்பெண் 5க்கு 3 என்ற அளவில் இருக்கவேண்டும். விலா எலும்பு துருத்தினாலும் தவறு, வாலடியில் கொழுப்பு மொத்தை இருந்தாலும் தவறு. தாது உப்புக் கலவை நாளொன்றுக்கு 50 கிராம், கருமாற்றத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தரவேண்டும். எந்தப் பகுதித் தீவனத்தில் எந்தத் தாது குறைவு என்பதை நம் ஊர் ஆடுகோடியில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. அந்தந்தப் பகுதிக்கான கலவையே மேல். கருச்சிதைவு நோயான புரூசெல்லாவுக்கும் காசநோய்க்கும் மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸ் நோயான ஐ.பி.ஆர்.க்கும் டோனர், வாடகைத்தாய் இரண்டையும் சோதிக்கவேண்டும்.

அடுத்தது பருவத்தை ஒன்றாக்குதல், அதாவது வாடகைத்தாய்ப் பசுக்களைக் குறித்த நாளில் சினைப்பருவத்துக்குக் கொண்டுவருதல். மருத்துவர் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைக் கசியவிடும் சி.ஐ.டி.ஆர். கருவியை யோனியில் வைத்து, முட்டையை வெடிக்கச் செய்யும் புசரெலின் ஊசியும் போடும் நாளைத் தொடக்கம் என்று வைத்துக்கொள்வோம். 7ஆம் நாள் கருவியை உருவிவிட்டு, பசுவைப் பருவத்துக்குக் கொண்டுவரும் குளோப்ரோஸ்டெனால் ஊசி 500 மைக்ரோகிராம். 9ஆம் நாள் வாக்கில் பசு பருவத்துக்கு வரும். டோனரிடம் முட்டை எடுப்பது 8ஆம் நாள், விந்துடன் சேர்ப்பது 9ஆம் நாள், ஏழு நாள் கருவை வைப்பது 16ஆம் நாள். பசுவின் பருவ நாளும் கரு உண்டான நாளும் ஒன்றாக வரவேண்டும் என்பதே கணக்கு. ஒரு நாள் முன்பின் இருந்தால் தாங்கும், இரண்டு நாள் என்றால் தாங்காது. இந்தக் குளோப்ரோஸ்டெனாலைச் சினைப் பசுவுக்குப் போட்டால் சினை கலைந்துவிடும். எனவே சினை இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்யாமல் யாரும் ஊசியைத் தொடவேண்டாம். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்தைக் கையாளக்கூடாது. தோல் வழியாகவே உடலில் ஏறும்.

கரு வைக்கும் நாளில் எல்லாப் பசுவையும் மறுபடி ஸ்கேன் செய்து, எந்தப் பக்கச் சினைப்பையில் முட்டை வெடித்து மஞ்சள் கட்டி உருவாகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். சினையைக் காக்கும் ஹார்மோனைச் சுரப்பது இந்தக் கட்டிதான். மருத்துவர்கள் சி.எல். என்று சொல்வது அதைத்தான். சி.எல். இல்லாத பசு, சி.எல். சுருங்கிய பசு, கருப்பையில் நீர் கோத்த பசு எல்லாம் கழிக்கப்படும். பத்துப் பசுவைத் தயார் செய்தால் ஏழு தேறுவதே நல்ல பலன். கழிக்கப்பட்ட பசுவின் உரிமையாளர் மனத்தாங்கல் கொண்டு, ‘வந்தது வந்தாச்சு, வெச்சுட்டுப் போங்க டாக்டர்’ என்று வற்புறுத்துவது நடக்கிறது. அப்படி வைக்கும் கருவுக்குப் பிழைக்க வழியில்லை.

கருவை ஏற்றும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கால் மி.லி. கொள்ளும் ஸ்ட்ரா என்ற மெல்லிய குழாயில் முதலில் திரவம், ஒரு காற்றுக் குமிழ், நடுவில் கரு இருக்கும் திரவம், மறுபடி குமிழ், கடைசியில் திரவம். கரு மணலில் ஒரு துகள் அளவுகூட இருக்காது. ஸ்ட்ராவை உரசினாலும் தட்டினாலும் குமிழில் ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கி போன்ற கம்பியில் ஸ்ட்ராவைப் பொருத்தி, கிருமியகற்றிய உறையும் அதற்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறையும் போடுவார்கள். யோனியில் இருக்கும் அழுக்கை அந்த மேலுறை தாங்கிக்கொள்ளும். கருப்பை வாய் வந்ததும் மேலுறையைப் பின்னிழுத்துக் கம்பியை மட்டும் உள்ளே விடுவார்கள். சி.எல். இருக்கும் பக்கத்துக் கருப்பைக் கொம்பின் ஆழத்தில் வைக்கவேண்டும். சினை ஊசி போடும் இடத்திலேயே விட்டுவிட்டால் நிற்காது, ஏழாம் நாள் கருவுக்கு அந்த இடம் பொருந்தாது. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடியவேண்டும். கம்பி உரசி உட்சுவரில் இரத்தம் கசிந்தால் கருப்பை புரோஸ்டகிளாண்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, சி.எல்.லைக் கரைத்து, வைத்த கருவைத் தானே வெளியேற்றிவிடும். கம்பியின் நுனியில் சிவப்பு தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சினை நிற்காதபோது காரணம் தேடி அலையவேண்டியதில்லை.

உறைந்த கரு வாங்கும் உறுப்பினர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐ.வி.எஃப். கருவில் கொழுப்பு அதிகம் என்பதால் உறைபனியைத் தாங்கும் திறன் குறைவு. புதுக்கரு பத்துக்கு நான்கு சினை தந்தால், உறைந்தது அதற்கும் கீழேதான் தரும். உறைந்த கருவை வைத்திருக்கும் கலனில் திரவ நைட்ரஜன் மட்டத்தை வாரம் ஒருமுறை குச்சியிட்டுப் பாருங்கள். அடுத்தவருக்குக் காட்டுவதற்காக, ஸ்ட்ராக்கள் இருக்கும் கேனிஸ்டரைக் கலனின் கழுத்துக்கு மேல் தூக்கினாலே போதும், கரு செத்து, உள்ளே இருப்பது வெறும் ஸ்ட்ராதான்.

கரு வைத்த பசுவை ஓட்டிக்கொண்டு அலையவோ வண்டி ஏற்றவோ கூடாது. தடுப்பூசியால் காய்ச்சல் வரும் என்பதால், கரு வைப்பதற்கு முன்னும் பின்னும் மூன்று வாரம் தடுப்பூசி வேண்டாம்; முகாம் தேதிகளை இதற்கேற்ப மாற்றிக்கொள்வோம். வெயில் சங்கதியில் பெங்களூருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் மாட்டின் உடல் சூடு தணிந்துவிடுகிறது. ஆனாலும் மார்ச் முதல் மே வரை தகரக் கூரைக் கொட்டகையில் கரு வைப்பதை மருத்துவர்களே ஆதரிக்கவில்லை. ஜூலை முதல் பிப்ரவரி வரை வைத்துக்கொள்ளலாம்.

சினைப் பரிசோதனைக்கு நாள் எண்ணுவதில்தான் குழப்பம் மிகுதி. வைக்கும்போதே கருவுக்கு ஏழு நாள் வயது. எனவே 30 நாள் ஸ்கேன் என்பது கரு வைத்த 23ஆம் நாள். ஈனும் தேதியையும் பருவ நாளிலிருந்து கணக்கிடுங்கள், ஹெச்.எஃப். கன்று என்றால் சுமார் 280 நாள், அதாவது கரு வைத்ததிலிருந்து 273. இதைத் தவறவிட்டு, கறவையை நிறுத்தி வற்றவிடும் நாளைத் தள்ளிப்போட்டால் சீம்பால் கெடும். 30ஆம் நாள் சினை என்று தெரிந்த பசுவில் சில 60க்குள் கலைந்துவிடும், ஐ.வி.எஃப். கருவில் இந்த இழப்பு சினை ஊசிச் சினையைவிட அதிகம். சில கன்றுகள் எடை கூடிப் பிறக்கும், சில பசுவுக்குக் கருப்பையில் நீர் அளவுமீறிச் சேரும். ஏழாம் மாதத்துக்குப் பின் வயிறு சட்டென்று இருபுறமும் உருண்டால் உடனே மருத்துவரை அழையுங்கள்.

கணக்கு இப்படி வருகிறது: பத்துப் பசுவைத் தயார் செய்தால் ஏழு தேறும், மூன்று சினை பிடிக்கும், இரண்டோ மூன்றோ கன்று கிடைக்கும். ஊசி, மருந்துச் செலவு பத்துக்கும் உண்டு. ஆகவே கருவுக்கு இவ்வளவு என்று பேசாமல், 60 நாள் சினைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசும் தரப்பினரிடம் மட்டும் உறுப்பினர்கள் போகவேண்டும் என்பது செயற்குழுவின் கருத்து. 2014இல் மத்திய அரசு தொடங்கிய மாட்டின மேம்பாட்டுத் திட்டமான ராஷ்ட்ரிய கோகுல் மிஷனிலும் ஐ.வி.எஃப். மானியமான 5,000 ரூபாய் உறுதியான சினைக்குத்தான் கிடைக்கிறது. 2025 மார்ச்சில் திருத்தப்பட்ட திட்டத்தில், உயர் ரக ஐ.வி.எஃப். கிடேரி வாங்க எடுக்கும் கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஹள்ளிகார் பற்றிச் செயற்குழு அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறது. ஹள்ளிகார் கிடேரிக்குள் ஹெச்.எஃப். கருவை வைக்காதீர்கள், கன்று பெரிது, இடுப்பு சிறிது, ஈற்றில் தாயும் சேர்ந்து போகும். மாறாக, கலப்பினப் பசுவுக்குள் தூய ஹள்ளிகார் கருவை வைத்தால் ஈற்று சுலபம், கன்றுக்குப் பாலும் தாராளம். குறைந்து வரும் நாட்டினத்துக்கு இந்த நுட்பம் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். அதிலும் ஒரே டோனர், ஒரே காளை என்று நூறு கரு எடுத்தால் அடுத்த தலைமுறையில் அண்ணன் தங்கை இணைசேரும் நிலை வந்துவிடும். டோனர்களை வெவ்வேறு ஊர் மந்தைகளிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

ஜூலையில் தொடங்கும் கருமாற்றக் காலத்துக்கு வாடகைத்தாய்ப் பசு தர விரும்புவோர், பசுவின் 12 இலக்கக் காதுவில்லை எண், கடைசியாக ஈன்ற தேதி, கடைசி இரண்டு பருவத் தேதிகள், புரூசெல்லா சோதனை முடிவு ஆகியவற்றை எழுதி ஜூன் மாதத்துக்குள் அலுவலகத்தில் கொடுக்கவும். பருவத் தேதி எழுதாத படிவம் ஏற்கப்படாது. தாது உப்புக் கலவைக்கான கூட்டுக் கொள்முதல் பட்டியல் இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்