மொய் வேறு, கைமாத்து வேறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஒரகடத்தில் உனக்கு வேலை எப்படிப் போகிறது? இன்னும் நைட் ஷிஃப்ட்தானா?

நீ எனக்குக் கைமாத்தாகக் கொடுத்திருந்த 6,000 ரூபாயைப் போன ஞாயிற்றுக்கிழமை ஜிபேயில் உனக்குத் திருப்பி அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் அது திரும்பி வந்துவிட்டது. கூடவே உன் வாய்ஸ் மெசேஜும் வந்தது: "இதெல்லாம் வேணாம்டா, என் கல்யாணத்துக்கு உன் மொய்னு எழுதிக்கிறேன்." உடனே உனக்கு ஃபோன் போட்டேன். ஆனால் சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. நீயும் பேச்சை மாற்றி, டவுன்ஹால் ரோட்டுக் கடையில் சேர்ந்த உன் தம்பி ஆறே மாதத்தில் கிரெடிட் கார்டு வாங்கிவிட்டான், அவனுக்கு என்ன சொல்வது என்று கேட்டாய். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படி.

நான் கடனில் விழுந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். 2022 கடைசியில் அப்பா லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டார். பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள், அதற்குப் பணம் எதுவும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஏழு மாதம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. தங்கச்சிக்குக் காலேஜ் ஃபீஸ், வீட்டு அரிசி பருப்பு, ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஆட்டோ எல்லாம் என் ஒருவன் சம்பளத்தில் நடக்கவேண்டியதாயிற்று. கப்பலூர் கம்பெனியில் அப்போது பிடித்தம் போக என் கைக்கு வந்தது 16,500. போதாததற்கு, அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் கார்டில் 22,000 ரூபாய்க்கு ஃபோன் வாங்கியிருந்தேன். அது தேவையில்லாத செலவு. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

2023 சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில் ஒருநாள் ராத்திரி, அம்மாவின் மொய் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் என் கடன்களை எழுதினேன். கார்டில் 38,000. லோன் ஆப்பில் 15,000. அம்மா எனக்காக மகளிர் குழுவில் எடுத்தது 30,000. சித்தப்பாவிடம் 8,000. கம்பெனியில் ஷிஃப்ட் அண்ணனிடம் 2,000. கேட் எதிரில் டீக்கடைப் பாக்கி 1,140. உன்னிடம் 6,000. கூட்டினால் ஒரு லட்சத்து நூற்று நாற்பது வந்தது. அதுவரை ஐம்பதாயிரத்துக்குள் இருக்கும் என்றுதான் மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். தொகையை நேரில் பார்த்ததும் பயந்தேன். ஆனால் பல மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

அந்த நோட்டை நீ பார்த்திருக்கிறாய். 1997-இல் அம்மா கல்யாணத்தில் தொடங்கியது, நீள நோட்டு, அட்டை கிழிந்து துணி ஒட்டியிருக்கும். ஊர், பெயர், தொகை, எந்த விசேஷம், நாம் திருப்பிச் செய்தாயிற்றா என்று வரிசையாக இருக்கும். முதல் பக்கங்களில் 51 ரூபாயும் 101 ரூபாயும்தான். இப்போதெல்லாம் நம் பக்கத்து மண்டபங்களில் லேப்டாப்பில் மொய் எழுதி ரசீது கொடுக்கிறார்கள். அம்மா அந்த ரசீதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து நோட்டில் ஏற்றிவிடுவாள். நாங்கள் கடனில் திணறிய அந்த ஆவணியிலும் மூன்று காதுகுத்து வந்தது. மூன்றுக்கும் ஐநூறு ஐநூறாகச் செய்முறை செய்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கார்டுக்காரனுக்குக் கட்டவே காசில்லை, இப்போது இது அவசியமா என்று சத்தம் போட்டேன். அம்மா திருப்பிச் சத்தம் போடவில்லை. "நம்ம வீட்டு விசேசத்துக்கு அவுக கொண்டாந்து வச்ச காசுடா அது. நம்ம காசு இல்ல" என்றாள். எனக்குப் பதில் பேச முடியவில்லை.

வட்டியைப் புரிய வைத்ததும் அம்மாதான். கார்டு ஸ்டேட்மென்டில் ஆண்டுக்கு 42 சதவீதம் என்று போட்டிருந்தது. நான் அதைப் படித்திருக்கிறேன், ஆனால் மனதில் ஒட்டவே இல்லை. "மாசத்துக்கு நூத்துக்கு எவ்வளவு?" என்று அம்மா கேட்டாள். மூன்றரை என்றேன். "மூணரை வட்டியா? நம்ம ஊர்ல மூணு வட்டிக்குக் குடுக்குறவனையே திட்டுவாங்களேடா" என்றாள். அப்போதுதான் உறைத்தது. அந்த மாதம் 38,000-க்கு வட்டி 1,330, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 239, ஆக 1,569. குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் கேட்டிருந்தது 1,900. அதைக் கட்டிவிட்டு, கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தேன். அசலில் குறைந்தது வெறும் 331 ரூபாய்.

உன் தம்பிக்கு முதலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டு. பில்லில் இரண்டு தொகை இருக்கும், சின்னத் தொகையைப் பார்க்கவே கூடாது. முழுத் தொகையையும் கட்ட முடிகிற மாதத்தில் மட்டும் கார்டைத் தேய்க்கட்டும். பாக்கி வைத்துவிட்டால், அதற்கப்புறம் வாங்குகிற புதுச் சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒன்றேகால் பவுன் சங்கிலியை அடகு வைக்கச் சொல்லி அம்மா தானாகவே கழற்றிக் கொடுத்தாள். கடனை அடைக்க இன்னொரு கடனா என்று நான் தயங்கினேன். ஆனால் அப்போது வங்கியில் நகைக்கு வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்பது ரூபாய்தான் வட்டி. 38,000-க்கு மாதம் 285 ரூபாய். 1,569 போய்க்கொண்டிருந்த இடத்தில் 285. கார்டை ஒரே நாளில் முடித்துவிட்டு, கிளையிலேயே வெட்டிப் போட்டேன். நடுவில் ஒரு ஏஜென்ட், 24,000 கட்டினால் போதும், செட்டில்மென்ட் செய்துகொள்ளலாம் என்று ஆசை காட்டினார். அப்படி முடித்தால், நாம் கடனை எப்படிக் கட்டினோம் என்று காட்டுகிற சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். நாளைக்கு வீட்டுக் கடனோ வண்டிக் கடனோ கேட்டால், முழுதாகக் கட்டாதவன் என்றுதான் பார்ப்பார்கள். அதனால் முழுதாகவே கட்டினேன். ஒரு வருடம் கழித்து வட்டி கட்டி நகையை மறுபடி வைத்தேன். இந்த ஆவணியில் திருப்பிவிட்டேன். அம்மா அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டபோது அப்பா ஒன்றும் பேசாமல் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து லோன் ஆப். 15,000 கடன் என்று சொல்லி, கட்டணம் அது இது என்று கழித்துக்கொண்டு கையில் வந்தது 12,900. ஒரு தவணை நான்கு நாள் தள்ளிப்போனதற்கு ராத்திரி ஒன்பதரைக்கு ஃபோன் வந்தது. அப்போது நான் மோல்டிங் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்முனையில் பேசியவன், "உன் ஃப்ரெண்டுக்கும் சொல்லிட்டோம்" என்று உன் பெயரைச் சொன்னான். மாப்ள, அதற்கு மறுநாள் காலையில்தான் நான் கேட்காமலேயே உன்னிடமிருந்து அந்த 6,000 வந்தது. 'கைச்செலவுக்கு வச்சுக்கடா' என்று மட்டும் எழுதியிருந்தாய். உனக்கு என்ன ஃபோன் வந்தது, அவன் என்னைப் பற்றி என்னவெல்லாம் சொன்னான் என்று நீ இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்க வெட்கப்பட்டுக் கேட்காமலேயே இருந்துவிட்டேன். எனக்குத் தெரியும் என்பதை இப்போதாவது உன்னிடம் சொல்லவேண்டும்.

இதற்கெல்லாம் விதி இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வசூல் ஏஜென்ட் காலை எட்டு மணிக்கு முன்னாலும் மாலை ஏழு மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது, கடன் வாங்கியவனின் நண்பர்களையும் சொந்தக்காரர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஃபோனில் இருக்கிற நம்பர்களை ஆப் எடுக்கவே கூடாது என்பதும் அதே வருடத்து விதிதான். அடுத்த முறை ஃபோன் வந்தபோது இதைக் குரலை உயர்த்தாமல் சொன்னேன், பேச்சை ரெக்கார்ட் செய்கிறேன் என்றும் சொன்னேன். அதற்கப்புறம் ராத்திரியில் ஃபோன் வரவில்லை. ஓவர்டைம் பார்த்து இரண்டு மாதத்தில் அந்தக் கடனை முடித்தேன். முடித்த கையோடு பாக்கி இல்லை என்று சான்றிதழ் வாங்கினேன். நல்லவேளை வாங்கினேன், ஏனென்றால் மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்த சிபில் அறிக்கையில் கடன் இன்னும் திறந்தே கிடந்தது. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் சரிசெய்தேன். வருடத்துக்கு ஒருமுறை இந்த அறிக்கையை இலவசமாகவே வாங்கலாம். உன் தம்பியை ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்.

இதுவரை சொன்னது கணக்கு. இதற்குமேல் சொல்லப்போவதைத்தான் நீ முக்கியமாகப் படிக்கவேண்டும்.

வட்டி அதிகமாக இருப்பதை முதலில் கட்டு, வட்டியில்லாத கைமாத்தைக் கடைசியில் கட்டிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் வரிசை போட்டேன். கார்டை முடிப்பதற்கு முன்னால், அந்த ஜூன் மாதம் ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால், கேட்டுக்குப் பக்கத்தில் தண்டல்காரர் கையில் அட்டையோடு நிற்கிறார். நம் ஷிஃப்ட் அண்ணன் போய் நூறு ரூபாய் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார். விசாரித்தேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, ஃபீஸ் கட்டப் பணம் இல்லை, அதனால் 10,000 தண்டல் எடுத்திருக்கிறார். 1,500 முன்னாடியே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுத்திருக்கிறார்கள், நூறு நாளைக்குத் தினம் நூறு ரூபாய் கட்டவேண்டும். பாதிப் பணத்தை ஐம்பதாவது நாளே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வருடக் கணக்கில் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள், மூன்று வருடம் வரை ஜெயில். இருந்தும் கேட்டுக்கு வெளியே பட்டப்பகலில் நடக்கிறது.

என்னைப் பாதித்தது அதுகூட இல்லை. என்னைப்போல ஆறு பையன்களுக்கு அந்த அண்ணன் கொடுத்து வைத்திருந்தது மொத்தம் 11,000 ரூபாய். அது கையில் இருந்திருந்தால் அவர் தண்டல் பக்கமே போயிருக்க மாட்டார். நாங்கள் கேட்டதும் எடுத்துக் கொடுத்தவர், தனக்குத் தேவை வந்தபோது எங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டார். வட்டியில்லாக் கடன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்கு வட்டி 1,500 ரூபாய், அதை அவர் கட்டினார்.

மறுநாளே, கார்டுக்கு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து 2,000-ஐ அவர் கையில் கொடுத்தேன். அந்த மாதம் கார்டில் தாமதக் கட்டணம் விழுந்தது. தெரிந்துதான் செய்தேன். இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். அடுத்த சம்பளத்தில் டீக்கடைப் பாக்கியை முடித்தேன். அந்த டீக்கடை அண்ணனும் பால்காரருக்கு வாராவாரம் பதில் சொல்லவேண்டியவர்தானே. அப்புறம் சித்தப்பாவுக்கு மாதம் ஆயிரம் ஆயிரமாக எட்டு மாதம் கொடுத்தேன். கொடுக்க முடியாத ஒரு மாதத்தில், நேரில் போய், "சித்தப்பா, இந்த மாசம் முடியல, அடுத்த மாசம் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவரை அவரைக் கண்டால் வேறு தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தவன் நான். அன்றைக்குச் சித்தி சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். மகளிர் குழுக் கடன் தவணையில் தானாக முடிந்தது.

கடைசியில் நின்றது உன் பணம். நீ கேட்கவே மாட்டாய் என்று தெரிந்துதான் உன்னைக் கடைசிக்குத் தள்ளினேன், மாப்ள. அந்த அண்ணன் விஷயத்தில் கண்ணால் பார்த்த பிறகும் உன் விஷயத்தில் அதே தப்பைச் செய்தேன். இரண்டரை வருடத்தில் உனக்கு அந்த 6,000 எத்தனை தடவை தேவைப்பட்டிருக்கும், அதற்காக நீ யாரிடம் போய் நின்றாயோ, எனக்குத் தெரியாது. என்னை மன்னித்துக்கொள்.

மொய்யாக எழுதிக்கொள்கிறேன் என்கிறாயே, அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். உன் கல்யாணத்தில் என் பெயரைச் சொல்லி 6,000 என்று எழுதினால், அது நீ கொடுத்த பணம், உன்னிடமே திரும்பி வருகிறது. என் பங்கு அதில் எங்கே இருக்கிறது? மொய் நாலு பேர் முன்னால் எழுதுவது, நோட்டில் ஏறுவது, நாளைக்கு என் வீட்டு விசேஷத்துக்கு நீ திருப்பிச் செய்வது. கைமாத்துக்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. நீயும் நானும் மட்டும்தான். அதை நான்தான் திருப்பித் தரவேண்டும். அம்மாவிடம் நீ சொன்னதைச் சொன்னேன். "அவன் கல்யாணத்துக்கு நம்ம வீட்டு மொய் தனியா உண்டு, அதுல இதக் கலக்காத" என்றாள்.

அதனால் இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் 6,000-ஐ மறுபடி அனுப்புகிறேன். தயவுசெய்து திருப்பி அனுப்பாதே. நோட்டின் கடைசிப் பக்கத்தில் உன் வரியை மட்டும்தான் இன்னும் அடிக்கவில்லை. பணம் வந்தது என்று ஒரு வார்த்தை எழுது, அடித்துவிடுகிறேன்.

உனக்குப் பெண் பார்த்தது என்ன ஆயிற்று? உன் அம்மாவை நம் அம்மா கேட்டதாகச் சொல். பொங்கலுக்கு எந்த பஸ் என்று முன்னாடியே சொல்லிவிடு, எத்தனை மணியானாலும் வண்டி எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணிக்கு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் செக்கானூரணி மாப்ள